ஒப்பிப்பது வேறு, வாசிப்பது வேறு!

டெல்டா மாவட்டங்களில் பருத்தி வெடிக்கும் காலமும் பள்ளிக்கூடம் மூடும் காலமும் சேர்ந்தே வரும். சம்பா, தாளடி அறுத்த வயலில் தை, மாசியில் ஊன்றிய பருத்தி சித்திரைக் கடைசியில் வெடிக்கத் தொடங்கும். வைகாசி முழுக்க எடுப்பு. வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் வயலில் நிற்கிற அந்த நேரத்தில்தான் பிள்ளைகள் புத்தகப் பையை ஆணியில் மாட்டிவிட்டு வீட்டில் இருப்பார்கள். ஜூன் மாதம் பையைத் திரும்ப எடுக்கும்போது, ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் முடித்த சில பிள்ளைகளுக்குத் தெரிந்த எழுத்தே தடுமாறும். விதை முளைத்துவிட்டது என்பதற்காக நாற்றங்காலைக் காயவிட முடியாது. வேர் பிடிக்கும் வரை ஈரம் இருந்துகொண்டே இருக்க வேண்டும். வாசிப்பும் அப்படித்தான்.

அரசுப் பள்ளிகளில் 1 முதல் 3-ம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்காக 2022-ல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கப்பட்டது. எட்டு வயதுக்குள் பிள்ளைகள் பொருள் புரிந்து படிக்க வேண்டும், அடிப்படைக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். எட்டு வயது என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. மூன்றாம் வகுப்பு வரை பிள்ளை படிக்கக் கற்றுக்கொள்கிறது. அதற்குப் பிறகு, படித்துத்தான் மற்ற எல்லாவற்றையும் கற்றுக்கொள்ள வேண்டும். கணக்குப் பாடத்தில்கூட, கேள்வியைப் படித்தால்தான் கூட்டலா, கழித்தலா என்று தெரியும். அந்த இடத்தில் தடுக்கி விழும் பிள்ளை, ‘படிப்பு ஏறாத பிள்ளை’ என்று பெயர் வாங்கிவிடுகிறது.

மன்னார்குடி பக்கம் ஒரு சிற்றூர். அங்கே ஆறு மா நிலத்தில், அதாவது இரண்டு ஏக்கரில், நெல்லும் பருத்தியும் செய்கிறது ஒரு குடும்பம். அப்பா, அம்மா, அப்பாயி, இரண்டாம் வகுப்பு முடித்த மகள், அங்கன்வாடிக்குப் போகும் மகன். அம்மா எட்டாவது வரை படித்தவர். அப்பா ஆறாவதில் நின்றவர். அப்பாயிக்குக் கைநாட்டு.

மகள் நன்றாகப் படிக்கிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். விளக்கு வைத்ததும் தெருவுக்கே கேட்கும்படி பாடம் படிப்பாள். உறவுக்காரர்கள் வந்தால் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்வார்கள். அவளும் ஒரு சொல் தவறாமல் படித்துக் காட்டுவாள்.

ஏப்ரல் மாதம் ஒருநாள் இரவு, அப்பா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பக்கத்தின் நடுவில் ஒரு வரியில் விரலை வைத்து, “இங்கேருந்து படி பாப்பா” என்றார். அவள் அந்த வரியைப் பார்த்தாள். பிறகு முதல் வரிக்குப் போய், உதட்டுக்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டு ஓடிவந்து, அந்த இடம் வந்ததும் சத்தமாகச் சொன்னாள். அவர் இன்னொரு பக்கத்தைத் திருப்பி, படத்தைக் கையால் மறைத்தார். அவள் வாயே திறக்கவில்லை.

அவரும் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகள் தூங்கிய பிறகு மனைவியிடம் சொன்னார்.

“அவ படிக்கலை. ஒப்பிக்கிறா.”

“என்னங்க சொல்றீங்க? ஒரு எழுத்து விடாம படிக்கிறாளே.”

“எனக்குத் தெரியும். நானும் அஞ்சாவது வரைக்கும் இப்படித்தான் ஓட்டினேன். பக்கத்துல இருக்கிறவன் படிக்கிறதைக் காதுல வாங்கி அப்படியே சொல்லிடுவேன். ஆறாவதுல பாடம் பெருசாயிடுச்சு, காதுல வாங்க முடியலை. மாடு மேய்க்கப் போறேன்னு நின்னுட்டேன். எனக்குப் படிப்பு ஏறலைன்னு எல்லாரும் சொன்னாங்க. எனக்குப் படிக்கவே தெரியலைங்கிறது யாருக்கும் தெரியலை.”

கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அந்த அம்மா இதைக் கேட்டது அன்றைக்குத்தான்.

மறுநாள் அவர் பள்ளிக்கூடத்துக்குப் போனார். டீச்சர், பிள்ளையைக் கூப்பிட்டு, கரும்பலகையில் புதிதாக ஒரு வரி எழுதிப் படிக்கச் சொல்லிப் பார்த்தார். “எழுத்தெல்லாம் தெரியுதுங்க. எழுத்தைச் சேர்த்துச் சொல்லாக்குறதுலதான் தடுமாறுறா. இப்போ இதைப் பிடிச்சது நல்லது. லீவுல தினமும் கால் மணி நேரம் போதும். பாடப் புத்தகம் வேணாம், அது அவளுக்கு மனப்பாடம். அவ பார்க்காத கதைப் புத்தகமாக் குடுங்க” என்றார்.

டவுனில் டியூஷன் இருக்கிறது. ஆனால், பருத்தி எடுப்பு நேரத்தில் பிள்ளையை அங்கே கொண்டுபோய் விட்டு அழைத்துவர ஆள் இல்லை. வேனுக்கும் டியூஷனுக்கும் சேர்த்துக் கொடுக்கும் அளவுக்குக் கையில் காசும் இல்லை. வீட்டிலேயே பார்த்துக்கொள்வது என்று முடிவானது.

புத்தகத்துக்கு எங்கே போவது?

பக்கத்து ஊரில் ஊர்ப்புற நூலகம் இருக்கிறது. வருடக்கணக்கில் அந்த வழியாகப் போய்வந்தும், இந்தக் குடும்பத்தில் யாரும் அதன் உள்ளே போனதில்லை. இத்தனைக்கும் புத்தகம் விவசாயியின் வீட்டு வாசலைத் தேடி வந்த ஊர் மன்னார்குடி. 1931-ல், மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு சுற்று வட்டாரக் கிராமங்களுக்குப் போகும் நடமாடும் நூலகம் அங்கேதான் தொடங்கியது. அதைத் தொடங்கி வைத்தவர் சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன். வயலில் வேலை செய்கிறவர்களால் நூலகம் தேடி வர முடியாது, நூலகம்தான் அவர்களைத் தேடிப் போக வேண்டும் என்பதுதான் அந்த வண்டியின் கணக்கு.

அம்மாவும் மகளும் சைக்கிளில் போனார்கள். சிறுவர் புத்தகங்கள் கீழ் அலமாரியில் இருந்தன. அம்மா தடிமனான ஒரு நீதிக்கதைப் புத்தகத்தை எடுத்தார். காசு கொடுத்து உறுப்பினர் ஆகும்போது பெரிய புத்தகமாக எடுப்போமே என்பது அவர் நினைப்பு. நூலகர் அதை வாங்கி மேசையில் விரித்து, பிள்ளையிடம் ஒரு பக்கத்தைக் காட்டினார்.

“இதை நீயே படி கண்ணு. தெரியாத சொல் வந்தா ஒரு விரலை மடக்கு.”

நாலாவது வரி வருவதற்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டன.

“அஞ்சு விரலும் மடங்கிட்டா அந்தப் புத்தகம் இப்போ வேணாம்மா. ஆறு மாசம் போகட்டும். ஒண்ணுமே மடங்கலைன்னா சந்தோஷத்துக்குப் படிக்கட்டும், அதுவும் நல்லதுதான். ரெண்டு, மூணு விரல் மடங்குற புத்தகம்தான் இப்போதைக்கு அவளுக்குச் சரியான புத்தகம்.”

கடைசியில் அவள் எடுத்தது, பக்கத்துக்கு ஒரே ஒரு வரி இருந்த யானைப் படப் புத்தகம். “இது அங்கன்வாடிப் பிள்ளைங்க புத்தகம் மாதிரில்ல இருக்கு” என்று அம்மா தயங்கினார். “முதல் படியில கால் வைக்காம மூணாவது படிக்கு எப்படிம்மா போறது?” என்றார் நூலகர்.

ஊரில் நூலகம் இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. அரசுப் பள்ளிகளுக்கு 2023-ல் வந்த ‘வாசிப்பு இயக்கம்’ புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டவை. இவை 4-ம் வகுப்பிலிருந்து மேலே உள்ள பிள்ளைகளுக்கானவை என்றாலும், ‘நுழை’ நிலைப் புத்தகங்கள் இப்போதுதான் வாசிக்கத் தொடங்கும் பிள்ளைகளுக்கும் உதவும். விடுமுறைக்கு முன்பே தலைமை ஆசிரியரிடம் கேட்டுப் பார்க்கலாம். காசு கொடுத்து வாங்க முடிந்தவர்களுக்கு நேஷனல் புக் டிரஸ்ட், தூலிகா, பாரதி புத்தகாலயத்தின் ‘புக்ஸ் ஃபார் சில்ரன்’ ஆகியவை சிறு பிள்ளைகளுக்கான தமிழ்ப் புத்தகங்களை வெளியிடுகின்றன. போன் இருந்தால் பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாகப் படிக்கலாம். அங்கேயும் கதைகள் நிலை வாரியாக இருக்கின்றன. முதல் நிலையில் பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரிதான்.

எழுத்து தெரியாத அப்பாயி

காலை ஆறு மணிக்கு எடுப்புக்குப் போனால் பதினொரு மணிக்கு வெயில் விரட்டிவிடும். அக்னி நட்சத்திரத்தில் அதற்கு மேல் வயலில் நிற்க முடியாது. சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் சாயும் நேரத்தில் கால் மணி நேரம் வாசிப்பு என்று வைத்துக்கொண்டார்கள்.

முதல் மூன்று நாள் அம்மா கூட உட்கார்ந்தார். பிள்ளை ஒரு எழுத்தைத் தவறாகச் சொன்னதும் திருத்தினார். அடுத்த எழுத்தையும் திருத்தினார். ஒரு வரி முடிவதற்குள் நாலு தடவை, “ம்ஹூம், நல்லாப் பாரு” என்று சொல்ல வேண்டியிருந்தது. நாலாம் நாள் பிள்ளை வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்துக்கொண்டாள்.

அப்பாயி பார்த்துக்கொண்டே இருந்தார். “ஏம்மா, நீ போய்ச் செத்த நேரம் படு. அவ எங்கிட்ட படிக்கட்டும்.”

“உங்களுக்கு எழுத்தே தெரியாதே அத்தை. தப்பாப் படிச்சா எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

“எழுத்து தெரியாட்டி என்ன, கதை தெரியாதா எனக்கு? தப்பாப் படிச்சா கதை நின்னுடும்ல.”

அப்படித்தான் நடந்தது. யானை குளத்துக்குப் போகிற பக்கத்தில், ‘குதித்தது’ என்று இருந்ததைப் பிள்ளை ‘குதிரை’ என்று படித்துவிட்டாள். முதல் இரண்டு எழுத்தைப் பார்த்ததும் மீதியை ஊகித்துவிட்டாள். அப்பாயி, “ஏது, யானைக் கதையில குதிரை எங்கேருந்து வந்துச்சு?” என்று நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார். பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்ப அந்த வரிக்குப் போய், எழுத்தெழுத்தாகப் பார்த்து, “குதிரை இல்ல அப்பாயி, குதித்தது! யானை தண்ணிக்குள்ள குதிச்சுது!” என்றாள்.

அம்மா நாலு தடவை சொல்லியும் செய்யாததை அன்றைக்கு அவளே செய்தாள். வாசிப்பது என்றால், கண் எழுத்தைப் பார்க்க வேண்டும், மனம் பொருளைப் பார்க்க வேண்டும். பொருள் இடிக்கிறதே என்று நின்று, திரும்பிப் பார்க்கத் தெரிந்த பிள்ளை வாசிக்கத் தொடங்கிவிட்டது. அதற்கு உதவுகிறவர் படித்தவராகத்தான் இருக்க வேண்டும் என்பது இல்லை. கதை கேட்கிற ஆசையோடு உட்கார்ந்து, “அப்புறம்?” என்று கேட்க ஒருவர் இருந்தால் போதும்.

எங்கெல்லாம் தடுக்கியது?

பத்து நாளில் மூன்று இடங்கள் தெரிந்தன.

முதலாவது, கொம்பு வைத்த எழுத்து. ‘கோழி’ என்பதில் இரட்டைக் கொம்பு முன்னால் நிற்கிறது, துணைக்கால் பின்னால் நிற்கிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பார்க்கும் பிள்ளை, ‘கே’ என்று தொடங்கி, பிறகு வரும் காலைப் பார்த்துத் திகைக்கும். கோழி, தோட்டம், சோறு, கொம்பு, பொங்கல் என்று வீட்டில் தினமும் புழங்கும் சொற்களாக எழுதிக் காட்டி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வாயைத் திற என்று பழக்கினார்கள்.

இரண்டாவது, நீளச் சொல். ‘மேய்ந்துகொண்டிருந்தது’ என்ற சொல்லைப் பார்த்ததுமே அவளுக்கு மலைப்பு. அம்மா விரலால் மறைத்து, ‘மேய்ந்து’ என்பதை மட்டும் காட்டினார். பிறகு ‘கொண்டு’, அதன் பிறகு ‘இருந்தது’. மூன்றையும் படித்த பிறகு சேர்த்துப் படித்தாள்.

மூன்றாவதுதான் எல்லோரும் கவனிக்காமல் விடுவது. புத்தகத்தில் இருக்கும் தமிழ் வேறு, வீட்டில் பேசும் தமிழ் வேறு. ஆடு ‘மேய்ந்துகொண்டிருந்தது’ என்று அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. ‘மேஞ்சுக்கிட்டு இருந்துச்சு’ என்றுதான் சொல்வார்கள். எழுத்துக்கூட்டிச் சரியாகப் படித்தாலும் அது தனக்குத் தெரிந்த சொல்தான் என்று பிள்ளைக்குத் தோன்றாது. அதனால், ஒரு வரியைப் புத்தகத்தில் இருக்கிறபடி படித்துவிட்டு, அதையே அப்பாயிக்கு வீட்டுப் பேச்சில் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். அப்பாயிக்கும் அது வசதியாக இருந்தது.

வயலில் கேட்ட கேள்விகள்

திண்ணையில் பிள்ளை படிக்கும் சத்தம் தெருவில் கேட்கும் அல்லவா? எடுப்புக்கு வந்த பெண்கள் வயலில் அம்மாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார்கள். எல்லார் வீட்டிலும் அதே வயதில் ஒரு பிள்ளை இருந்தது.

“நாலு நாளா அந்த யானைக் கதையையேதானே படிக்கிறா? அதுவும் மனப்பாடம் ஆயிடாதாக்கா?”

“ஒரே கதையைத் திரும்பத் திரும்பப் படிச்சா தப்பில்லடி, படிக்கப் படிக்க வேகம் வருது. நடுவுல ஒரு வரியில விரலை வெச்சுக் கேட்பேன். அந்த இடத்துலேருந்தே படிச்சா, படிக்கிறான்னு அர்த்தம். மேலேருந்து ஓடி வந்தா ஒப்பிக்கிறா. அப்போ புத்தகத்தை மாத்திடுவேன்.”

“எம் பையன் ஒரு சொல்லுல நின்னுட்டான்னா நின்னதுதான். எனக்குக் கோவம் வந்து ரெண்டு வெச்சுடுறேன்.”

“எனக்கும்தான் கோவம் வந்துச்சு. இப்போ மனசுக்குள்ள அஞ்சு எண்ணுறேன். அதுக்குள்ள பாதி நேரம் அவளே சொல்லிடுறா. சொல்லலைன்னா நானே அந்தச் சொல்லைச் சொல்லிட்டு, மேலே போகச் சொல்லிடுறேன். கதை நின்னுடக் கூடாது பாரு.”

“போன்லயே கதை சொல்றாங்களே, அதைக் கேட்டா போதாதா?”

“கேட்கட்டும், நல்லதுதான். ஆனா கண்ணு எழுத்துல ஓடணும்ல? கேட்குறது மட்டும்னா எங்க வீட்டுக்காரர் கதைதான்” என்று சொல்ல வந்தவர், அதை விழுங்கிவிட்டு, “கேட்குறதோட படிக்கவும் செய்யணும்” என்று முடித்துக்கொண்டார்.

“புத்தகத்துக்கு நாங்க எங்கே போறது?” என்று கேட்டவருக்கு அவர் சொன்ன பதில்தான் அந்தத் தெருவில் பலருக்கும் உதவியது. தினசரி காலண்டரில் ஒவ்வொரு நாளும் கிழிக்கும் தாளில் கிழமை, தேதி, நல்ல நேரம் எல்லாம் பெரிய எழுத்தில் இருக்கின்றன. கிழிக்கும் வேலையைப் பிள்ளையிடமே கொடுத்து, படித்துவிட்டுக் கிழிக்கச் சொல்லலாம். வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், பஸ்ஸின் ஊர்ப் பலகை, கடைப் பெயர்ப் பலகை எல்லாமே வாசிக்கக் கூடியவைதான். இவற்றில் தெரிந்த ஊரும் தெரிந்த பெயரும் வருவதால் பிள்ளைக்கு ஊக்கம் வரும். பூச்சிமருந்து டப்பாவை மட்டும் எடுத்துப் படிக்கச் சொல்லக் கூடாது. காலி டப்பாவாக இருந்தாலும் பிள்ளை கையில் அது வேண்டாம்.

காலண்டர் தாளின் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். அதில் அந்த அம்மா இன்னொன்றும் செய்தார். ஒருநாள் வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது. அதைப் பிள்ளை மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனாள். அம்மா அவள் சொன்னபடியே நாலு வரி எழுதி, அவள் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார். தன் வாயிலிருந்து வந்த பேச்சு தாளில் இருப்பதைப் பார்த்து அவளுக்கு ஆச்சரியம். ‘குட்டி’, ‘கருப்பு’, ‘எழுந்து நின்றது’ எல்லாம் தடையில்லாமல் வந்தன. வாரம் மூன்று நாள் இப்படி எழுதினார்கள். மாதக் கடைசியில் பதினான்கு தாள் சேர்ந்தது. அப்பாயி கோணி ஊசியில் சணல் கோத்து அவற்றைத் தைத்துக் கொடுத்தார். அந்த வீட்டில் முதன்முதலாகச் சொந்தமாக இருந்த கதைப் புத்தகம் அதுதான்.

கணக்கு நோட்டு

பருத்தி எடுப்புக்குக் கிலோ கணக்கில் கூலி. அன்றன்று எடை போட்டு நோட்டில் எழுதி வைத்து, சனிக்கிழமை பணம் கொடுப்பார்கள். மே மாதம் மூன்றாவது சனிக்கிழமை, அம்மாவுக்குக் கை வேலையாக இருந்ததால், நோட்டைப் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். எட்டுப் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். கதைப் புத்தகத்தில் ஒரு சொல்லை விட்டுவிட்டால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. இங்கே ஒரு பெயரை மாற்றிப் படித்தால் ஒருத்தர் கூலி இன்னொருத்தருக்குப் போய்விடும். அவளுக்கும் அது புரிந்திருந்தது. ஒவ்வொரு பெயரையும் விரல் வைத்து, மெதுவாக, கிழமையோடும் கிலோவோடும் படித்தாள்.

ஒரு பெண்ணின் கணக்கைப் படித்து முடித்ததும் அப்பாயி, “செத்த இரு தங்கம். செவ்வாய்க்கிழமை என்ன போட்டிருக்கு?” என்றார்.

“ஒன்பது கிலோ, அப்பாயி.”

“ஒரு தடவைதான் இருக்கா? அன்னைக்கு அவ ரெண்டு மூட்டை கொண்டாந்தாளே. ரெண்டாவது மூட்டை மழைத் தூறல்ல எடை போட்டோம்.”

அம்மா வந்து பார்த்தார். இரண்டாவது எடை ஏழு கிலோ. அவசரத்தில் நோட்டில் ஏறாமல் விட்டுப் போயிருந்தது. அதைச் சேர்த்து எழுதிப் பணம் கொடுத்தார்கள். அந்தப் பெண் போகும்போது பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளி, “இனிமே கணக்கை நீயே படி ஆத்தா” என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் கணக்கு வாசிப்பது அவள் வேலையானது. கால் மணி நேர வாசிப்புக்கு வா என்று யாரும் கூப்பிட வேண்டிய அவசியமும் அதன் பிறகு வரவில்லை.

அப்பாவும் சேர்ந்துகொண்டார்

அப்பா முதலில் தூரத்தில் படுத்துக்கொண்டுதான் கேட்டார். பிறகு பக்கத்தில் வந்து படுத்தார். ஒருநாள் பிள்ளை ஒரு சொல்லில் நின்றபோது, தலையை நீட்டிப் புத்தகத்தைப் பார்த்தார். இருவருமாக எழுத்துக்கூட்டி அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் அவர் என்று ஆனது. அவருக்கு எழுத்து தெரியும், கையெழுத்துப் போடுவார், பஸ் பெயரைப் படிப்பார். நாலு வரி சேர்ந்தாற்போல வந்தால்தான் வேர்க்கும். பக்கத்துக்கு ஒரு வரி உள்ள புத்தகத்தைப் பெரிய மனிதர் வெட்கப்படாமல் படிக்க வேண்டும் என்றால், பிள்ளைக்காகப் படிக்கிறேன் என்று சொல்லிக்கொள்வதைவிட நல்ல வழி இல்லை.

ஜூன் முதல் வாரம், பருத்தி மூட்டைகளோடு ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குப் போனபோது மகளையும் அழைத்துப் போனார். மறைமுக ஏலம் முடிந்து பலகையில் அறிவிப்பு ஒட்டினார்கள். வழக்கமாக, பக்கத்தில் நிற்பவரிடம், “என்னங்க போட்டிருக்கு, கண்ணாடி எடுத்துட்டு வரலை” என்று கேட்பவர் அவர். அன்றைக்குத் தானே முன்னால் போய் நின்று படிக்கத் தொடங்கினார். நடுவில் ஒரு சொல்லில் நின்றார். மகளுக்கு அந்தச் சொல் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவள் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு, கை விரலை ஒவ்வொன்றாக மடக்கி ஐந்து எண்ணினாள். நாலாவது விரல் மடங்கும்போது அவரே படித்துவிட்டார்.

ஜூனில் என்ன ஆனது?

பெரிய அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. ஏழு வாரத்தில் அவள் படித்தது ஒன்பது சிறிய புத்தகங்களும் சணல் தைத்த ஒரு புத்தகமும்தான். பக்கத்துக்கு ஒரு வரியில் தொடங்கியவள், பக்கத்துக்கு நாலைந்து வரி உள்ள புத்தகத்துக்கு வந்திருக்கிறாள். ‘ர’வும் ‘ற’வும் இன்னும் மாறிப் போகின்றன. நீளச் சொல்லைப் பார்த்தால் இன்னும் விரலால் மறைத்துத்தான் படிக்கிறாள். ஆனால், மூன்றாம் வகுப்புப் புத்தகம் கைக்கு வந்த அன்று, யாரும் சொல்லிக் கொடுக்காத ஒரு பாடத்தைத் திறந்து, திக்கித் திக்கி அரைப் பக்கம் படித்துவிட்டு, அதில் என்ன இருக்கிறது என்று அப்பாயிக்குச் சொன்னாள். நடுவில் ஒரு வரியில் விரல் வைத்தபோது, அந்த இடத்திலிருந்தே படித்தாள்.

மேட்டூர்த் தண்ணீர் வந்து குறுவை வேலை தொடங்கிவிட்டால், நடுப்பகல் திண்ணை கிடைக்காது. அதனால் வாசிப்பை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் என்று மாற்றி வைத்திருக்கிறார்கள். நூலகத்துக்கு இப்போது அப்பாவும் மகளும் போகிறார்கள். நூலகர் ஆறு மாதம் கழித்து வரச்சொன்ன அந்த நீதிக்கதைப் புத்தகத்தை அவள் மறக்கவில்லை. போகும்போதெல்லாம் அதை எடுத்து ஒரு பக்கம் படித்து, விரல் மடக்கிப் பார்க்கிறாள். கடைசியாகப் பார்த்தபோது நாலு விரல் மடங்கியிருந்தது.